நாணயமும் நம்பிக்கையும்

நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது எத்துணைப் பொருத்தம் என்பதை அடையாள வில்லைகளின் வரலாறு காட்டுகின்றது. ரேணிகுண்டாச் சந்திப்பில் வண்டி மாறக் காத்திருந்த நாள்களில், சில்லறை இல்லையென்று கடைக்காரர் மிட்டாய் இரண்டைக் கையில் வைத்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அச்சில்லறைத் தட்டுப்பாடே இவ்வரலாற்றின் தாய்.

இங்கிலாந்தில் 1649-இல் முதலாம் சார்லஸ் மன்னன் தலை துணிக்கப்பட்டான். அவன் உரிமத்தால் வெளிவந்த ஃபார்த்திங் என்னும் கால் பென்னிக் காசுகளும் வழக்கிழந்தன. ஒரு குவளை மது விற்கும் விடுதிக்காரன் மீதி கொடுக்க என் செய்வான்? செம்பிலும் பித்தளையிலும் தானே வில்லை அடித்தான். ஒருபுறம் விடுதிப் பலகையின் சின்னம். மறுபுறம் பெரும்பாலும் தன் பெயர், மனைவி பெயர் ஆகியவற்றின் முதலெழுத்துகள். எழுத்தறியாதாரும் சின்னங்கண்டு கடையறிந்தனர். 1672-இல் இரண்டாம் சார்லஸ் அரசின் செப்புக்காசுகளை வெளியிட்டுத் தனியார் வில்லைகளைத் தடைசெய்தான்.

இத்தகைய வில்லைகள் இலங்கையிலும் தோன்றின. காப்பித் தொழில் செழித்த காலத்தில் கொழும்பு ஆலைகள் கூலிக் கணக்கிற்கு வில்லைகளை வழங்கின. ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியாரின் வேகந்தை ஆலை வில்லையில் 1843 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வாலைகளுக்கு வந்த காப்பியின் பின்னே, தமிழகத்திலிருந்து காடும் மலையும் நடந்துசென்ற நம் மக்களின் உழைப்பு இருந்தது. 1869-இல் தோன்றிய இலைத்துரு நோய் காலப்போக்கில் காப்பியை அழித்தது. அத்தொழிலோடு வில்லைகளும் மறைந்தன.

ஆனால் வேறோர் அடையாளம் நிலைத்தது. அதன் பெயர் ‘துண்டு’. இன்ன கடனைத் தீர்ப்போர் இத்தொழிலாளரை அழைத்துக்கொள்ளலாம் எனத் தோட்டத்துரை எழுதித்தந்த சீட்டு அது. வில்லை பொருளுக்கு ஈடாயிற்று. துண்டோ மனிதனையே கடனுக்கு ஈடாக்கிற்று! 1921-ஆம் ஆண்டுச் சட்டமே அதனை ஒழித்தது.

விடுதிக்காரன் வாக்குப் பிறழ்ந்தால், வந்தவன் அடுத்த விடுதிக்குச் செல்லலாம். தோட்டத் தொழிலாளிக்கோ அடுத்த தோட்டத்தின் வாயில் துண்டின்றித் திறவாது. விலகிச் செல்லும் உரிமை உள்ளவனிடத்தில்தான் நம்பிக்கை பிறக்கும். அவ்வுரிமை இல்லாதவிடத்துக் காசு இருக்கலாம், நாணயம் இராது.

பழங்காசுகளைப் பேழையில் வைத்துப் போற்றுகின்றோம். அவற்றைக் கூலியாய்ப் பெற்ற கைகளையும் நினைத்தல் நம் கடன்.