மருதும் ஆறும்



ஓர் ஊரின் பழைய வரலாற்றை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளைப் படிப்பர், ஏடுகளைப் புரட்டுவர், மண்ணை அகழ்ந்து பானை ஓடுகளைத் தேடுவர். ஆற்றங்கரையில் நிற்கும் மரங்களும் அவ்வகைச் சான்றுகளே ஆகும். அம்மரங்கள் எவ்வாறு வளர்ந்தன, எவ்வாறு குறைந்தன, மீண்டும் எவ்வாறு அவற்றை வளர்க்கலாம் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, வயலும் வயல் சார்ந்த இடமுமாகிய நிலத்திற்கு மருதம் என்று பெயரிட்டனர். மருதம் என்பது ஒரு மரத்தின் பெயர். அது நீர்மருதா, பூமருதா என்பது பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டும் நீர்க்கரையை நாடி வளரும் மரங்களே. நெல்லையோ கரும்பையோ கொண்டு பெயரிடாமல், கரையில் நின்ற மரத்தைக் கொண்டு வயல் நிலத்திற்குப் பெயரிட்டது சிந்திக்கத் தக்கது. வஞ்சி, நொச்சி என்பனவும் நீரருகே வளரும் செடி மரங்களின் பெயர்களே. நொச்சி, மதிலைக் காத்துப் பொருத வீரர் சூடிய பூ என்று புறத்திணை நூல்கள் கூறும். அன்று மதில் காத்தோர்க்கு அடையாளமாக இருந்த அதே நொச்சி, இன்றும் தன் வேரினால் கரையைக் காத்து நிற்கிறது.

ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று பகரும். காவிரி நாட்டில் திருவிடைமருதூர் இருக்கிறது. பொருநைக் கரையில் திருப்புடைமருதூர் இருக்கிறது. மருதுக்கு வடமொழியில் அர்ச்சுனம் என்று பெயர். வடக்கே சீசைலத்து மல்லிகார்ச்சுனமும், இடையே திருவிடைமருதூரும், தெற்கே திருப்புடைமருதூரும் மருதைத் தல மரமாகக் கொண்ட மூன்று தலங்கள் என்று போற்றப்படுகின்றன. காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த திருவானைக்காவில் வெண்ணாவல் தல மரம். மதுரைக்குக் கடம்பவனம் என்று ஒரு பெயர். வணங்கிய மரத்தின்மேல் கோடரி எளிதில் விழுவதில்லை. ஆதலால் பிற இடங்களில் அழிந்த கரைமரங்கள் கோயில் படித்துறைகளின் அருகில் பிழைத்து நின்றன.

கரைமரம் ஆற்றுக்குச் செய்யும் உதவி என்ன? அதன் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்வதால் வெள்ளம் கரையை எளிதில் அரிப்பதில்லை. அதன் நிழல் கோடையில் நீரைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதியாகக் கரைந்திருக்கும். மீன்கள் அதனால் வாழும். உதிரும் இலைகளை நீர்ப்பூச்சிகள் உண்கின்றன; அப்பூச்சிகளை மீன்கள் உண்கின்றன; மீன்களைப் பறவைகள் உண்கின்றன. வயலிலிருந்து ஓடிவரும் வண்டலும் கழிவும் கரைச்செடிகளால் தடுக்கப்பட்டு, ஓரளவு தெளிந்த நீரே ஆற்றைச் சேர்கிறது. ஆகவே கரைமரத்தை வெட்டுவோர் ஆற்றின் ஓர் உறுப்பையே வெட்டுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மரத்தின் தேவை திடீரெனப் பெருகிற்று. 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் புகைவண்டி ஓடியது. அக்காலத்து எஞ்சின்களுக்கு விறகும் எரிபொருளாயிற்று. தண்டவாளக் கட்டைகளும் மரமே. அதே 1856-ஆம் ஆண்டில்தான் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் காடுகாவலராக நியமிக்கப்பட்டார். வெப்பநாடுகளில் காடழிப்பினால் வரும் கேட்டை ஆராய்ந்து எழுதப்பட்ட அறிக்கையில் முன்னரே பங்குகொண்டவர் அவர். 1882-இல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தது. அது முதன்மையாகக் காப்புக் காடுகளைக் கருதிய சட்டம். ஊர்களின் ஊடே ஓடும் ஆற்றின் கரையிலிருந்த மரங்களுக்கு அத்தகைய காவல் அமையவில்லை.

விறகுப் பஞ்சத்தைப் போக்கவும், வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் 1877-ஆம் ஆண்டளவில் வெளிநாட்டிலிருந்து ஒரு மரத்தின் விதைகள் வரவழைக்கப்பட்டன. இன்று நாம் சீமைக் கருவேலம் என்று அழைப்பது அதுவே. வரவழைத்தவர்களின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. ஏழை வீட்டு அடுப்புக்கு அது விறகு தந்தது. கரிமூட்டம் போடுவோருக்குப் பிழைப்புத் தந்தது. ஆனால் அதன் நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்று, சாணத்தோடு விதைகளைச் செல்லுமிடமெல்லாம் பரப்பின. கண்மாய்க்குள்ளும் வாய்க்காலுக்குள்ளும் புகுந்த அம்மரம், வைகையின் மணற்படுகையிலும் புதராக மண்டியது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அந்த மண்ணையும் நீரையும் அறிந்த அறிவும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அயல்மரத்தை அகற்றினால் மட்டும் கரை சீராகிவிடுமா? ஆகாது. வெறுமையான கரையை அடுத்த மழையே அரித்துவிடும். அல்லது அதே புதர் மீண்டும் முளைக்கும். அகற்றிய இடத்தில் அந்த ஆற்றுக்கே உரிய மரஞ்செடிகளை உடனே வளர்த்தல் வேண்டும். அதற்கும் ஒரு முறை உண்டு. நீர்விளிம்பில் நாணலும் வெட்டிவேரும் ஆற்றுப்பாலையும், அதற்கு மேலே நொச்சியும் நீர்க்கடம்பும், கரையின் மேட்டில் மருதும் நாவலும் புங்கும் இலுப்பையும் அமையவேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மரத்தை வரிசையாக நடுவது தோப்பாகுமேயன்றி ஆற்றங்கரை ஆகாது.

ஒவ்வொரு மரத்திற்கும் அதன் இயல்பு வேறு. மருதின் காய் ஐந்து சிறகுகளும் கடினமான ஓடும் உடையது. மாசி முதல் வைகாசி வரை முதிர்ந்து உதிரும். விதைக்கும் முன்னர் இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவேண்டும். நாவல் விதையோ இரண்டு வாரத்திற்குள் முளைக்கும் ஆற்றலை இழக்கத் தொடங்கும். பழம் உண்ட கையோடு விதைத்துவிட வேண்டும். நீர்க்கடம்பின் விதை தூசிபோல் நுண்ணியது. மணலோடு கலந்து தூவிப் பூத்தெளிப்பாக நீர்விட வேண்டும். ஆற்றுப்பாலையும் நொச்சியும் போத்துகளை வெட்டி நட்டாலே வேர்விடும். விதைகளை அதே ஆற்றுப் பகுதியில், ஒரு மரத்திலிருந்து அன்றிப் பல தாய்மரங்களிலிருந்து திரட்டுதல் நலம். நட்ட பிறகு ஆடுமாடு கடிக்காதவாறு வேலியும், முதல் இரண்டு கோடைக்கு நீரும் தரவேண்டும். நடுவிழா ஒரு நாளில் முடிந்துவிடும். மரவளர்ப்பு அவ்வாறு முடிவதன்று.

இம்முயற்சி வெற்றி பெறுமா என்று ஐயுறுவோர் திருப்புடைமருதூரைக் காணலாம். அங்கே பொருநைக் கரையின் பழைய மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடுகட்டுகின்றன. அவற்றைக் காக்க விரும்பிய ஊர்மக்களின் முயற்சியால், 2005-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அவ்விடம் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் உண்டான இவ்வகைக் காப்பகங்களுள் இந்தியாவிலேயே முதலாவது அதுவே. அதன் பரப்பு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. மருதால் பெயர்பெற்ற ஊர், தன் மரங்களாலேயே இன்று மீண்டும் பெயர்பெற்றது.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊர் ஆற்றங்கரைக்கோ வாய்க்கால் கரைக்கோ ஒருநாள் செல்லுங்கள். அங்கே நிற்கும் பெரிய மரங்களை எண்ணுங்கள். பின்னர்க் குனிந்து, அவற்றின் அடியில் இளங்கன்றுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதிய மரங்கள் மட்டும் நின்று கன்று ஒன்றும் இல்லையாயின், அந்தக் கரைக்கு வாரிசு இல்லை என்று பொருள். அப்பொழுது அம்மரத்தின் காய்களைப் பொறுக்கிக்கொண்டு பள்ளிக்குத் திரும்புங்கள். ஊறவைப்பதற்கு ஒரு வாளி நீரும், விதைப்பதற்குச் சிறிது மண்ணும், காத்திருப்பதற்குப் பொறுமையும் இருந்தால் போதும். நீங்கள் வளர்த்த மருதின் நிழலில் நாரை கூடுகட்டும் நாளில், உங்கள் பிள்ளைகள் அந்த ஆற்றங்கரையில் விளையாடிக்கொண்டிருப்பார்கள்.