இயங்குதள மாற்றமும் தமிழ் ஆவணங்களும்: 2014-ஐ முன்வைத்து ஒரு நோக்கு

மரக்காணம் உப்பளங்களில், விளைந்த உப்பை மழைக்கு முன்னரே மேட்டில் குவித்து ஓலையிட்டு மூடுவர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் பாத்தியின் சேற்றை அகற்றித் தரையை மிதித்து இறுக்குவர். பாத்தி புதிதாயினும் குவித்த உப்பு மாறுவதில்லை. கணினியின் இயங்குதளத்தை அகற்றிப் புதிதாக நிறுவும்போதும், வேறிடத்தில் படியெடுத்து வைத்த கோப்புகள் இவ்வாறே மாறாதிருக்கும் எனக் கருதப்படுகிறது. தமிழ்க் கோப்புகளுக்கு இக்கருத்து முழுமையாகப் பொருந்தாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

மேம்படுத்தல் என்பது பழைய தளத்தின் மீதே புதிய பதிப்பை ஏற்றுவதாகும். இதில் நிரல்களும் அமைப்புகளும் எழுத்துருக்களும் பெரும்பாலும் நீடிக்கும். பழைய கோளாறுகளும் தொடரக்கூடும். புது நிறுவலில் தளம் தூய்மையாகத் தொடங்கும். ஆனால் பயனர் சேர்த்த எழுத்துருக்கள் நீங்கிவிடும்.

ஒருங்குறியில் தமிழ் 1991-இல் இடம்பெற்றது. விண்டோஸ் 2000 அதனை ஏற்றது. எனினும் 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழுக்கான வசதியைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. 1999-இல் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகிய தரங்கள் வகுக்கப்பட்ட பின்னரும், வானவில், பாமினி முதலிய வெவ்வேறு 8 பிட்டுக் குறியேற்றங்கள் வழக்கில் இருந்தன. இவ்வகைக் கோப்பில் பதிவாவன எண்களே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் தருவது எழுத்துரு. எழுத்துரு இல்லாதவிடத்து அதே எண்கள் ரோமன் எழுத்துகளாகவும் குறிகளாகவும் தோன்றும். ஆக, ஆவணத்தின் ஒரு பகுதி கோப்பிலும் மறுபகுதி இயங்குதளத்தின் எழுத்துருக் கோப்புறையிலும் இருந்தன.

தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துருக் குறியேற்றமாகிய டேஸ் 16-ஐயும் ஏற்றது. 2014 ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவு முடிவுற்றது. எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு நேரடி மேம்படுத்தல் இல்லை. மாற்றாக, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நிறுவுமாறு தமிழக அரசு அவ்வாண்டில் துறைகளுக்கு அறிவுறுத்தியது. இரு வழிகளும் புது நிறுவலே. வன்தட்டை அழிக்காமல் விண்டோஸ் 7-ஐ நிறுவினால், பழைய தளம் ‘விண்டோஸ் ஓல்டு’ என்னும் கோப்புறைக்கு நகர்த்தப்படும். எழுத்துருக்களை அதிலிருந்து மீட்கலாம். வன்தட்டு அழிக்கப்பட்டால் அவ்வாய்ப்பும் இல்லை.

புது நிறுவலால் நன்மையும் விளைந்தது. விண்டோஸ் 7, பாஸ் ஆகிய இரண்டிலும் ஒருங்குறித் தமிழ் இயல்பாகவே இயங்கியது. எனினும் புதிய தமிழுக்கு வழிவிட்ட அதே செயல், பழைய தமிழை வாசிக்கும் கருவியை நீக்கிவிடக்கூடியதாக இருந்தது. பாதுகாத்த கோப்பு இருந்தும் வாசிக்க இயலாத நிலை இதனால் எழுகிறது.

ஆகவே 1990-களுக்கும் 2010-களுக்கும் இடைப்பட்ட தமிழ் ஆவணங்களைத் திரட்டுவோர், கோப்புடன் அதன் எழுத்துருவையும் குறியேற்றப் பெயரையும் சேர்த்தே பாதுகாத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் மூலக்கோப்பை நீக்கலாகாது. மாற்றத்தில் நேரும் பிழைகளை ஒப்பிட்டுத் திருத்த அதுவே சான்றாகும். ஓலைச்சுவடிப் பதிப்பில் மூலச்சுவடிக்குத் தரும் மதிப்பு இதற்கும் உரியது.