இருப்புப்பாதைப் பணியில் பெண்கள்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில், சுப்பையா சாலையில் உள்ளது ரயில் நிலையம். அங்கிருந்து புறப்படும் இருப்புப்பாதை வில்லியனூர், சின்னபாபுசமுத்திரம், வளவனூர் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவில் விழுப்புரத்தை அடைகிறது. இப்பாதை 1879-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்று புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலும், விழுப்புரம் ஆங்கிலேயர் ஆட்சியிலும் இருந்தன. பாதையின் ஒரு முனை ஓர் அரசுக்கும், மறுமுனை வேறோர் அரசுக்கும் உரியவையாக இருந்தன. ஆனால் வண்டிகளை இயக்கும் பொறுப்பைத் தென்னிந்திய ரயில்வே என்ற ஆங்கிலக் கம்பெனியே ஏற்றிருந்தது.

ஒரு மீட்டர் அகலமே இருந்த அந்தப் பாதை, இன்று 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாகிவிட்டது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தது. பின்னர் மின்கம்பிகளும் வந்தன. 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-இல் அந்த மாற்றம் சட்டப்படி நிறைவு பெற்றது. ஆட்சியும் மாறியது, எஞ்சினும் மாறியது. ஆனால் இந்திய ரயில்வேயில் ஒன்று மட்டும் மிக மெதுவாகவே மாறியது. எஞ்சினில் நிற்பவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கமே அது.

நம் நாட்டில் முதல் பயணி ரயில் 1853-இல் ஓடியது. நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநர் என அறியப்படும் சுரேகா யாதவ், உதவி ஓட்டுநராகப் பணியில் சேர்ந்தது 1989-இல். இடைப்பட்ட காலம் 136 ஆண்டுகள். இவ்வளவு நீண்ட தாமதம் ஏன்? "அது உடல் வலிமை வேண்டும் வேலை" என்பதே பலரும் சொல்லும் விடை. அந்த விடை எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

மண் சுமந்தவர் யார்?

வலிமைதான் காரணம் என்றால், ரயில்வேயின் கடினமான வேலை எதிலும் பெண்கள் இருந்திருக்கக்கூடாது. நடந்ததோ வேறு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருப்புப்பாதைகள் போடப்பட்டபோது இன்றுள்ள மண்வாரி எந்திரங்கள் இல்லை. கரை உயர்த்தும் வேலை முழுவதும் மனித உழைப்பால் நடந்தது. குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வந்து தங்கினார்கள். ஆண்கள் மண்ணை வெட்ட, பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டினார்கள். அந்தக் கரையின்மேல்தான் தண்டவாளம் அமைந்தது. பாதையைப் போட மண் சுமக்கப் பெண்ணின் வலிமை போதுமானதாக இருந்தது. ஆனால் பாதை முடிந்து சம்பளமும் பதவியும் உள்ள வேலைகள் வந்தபோது, அவளுக்கு அங்கே இடமில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இதே கதைதான். பிரான்சில் லெவல் கிராசிங் கதவுகளைக் காக்கும் வேலையைப் பெரும்பாலும் பாதைத் தொழிலாளர்களின் மனைவியரே செய்தனர். பாதையோரத்து வீட்டில் குடியிருந்து, வண்டி வரும் நேரமறிந்து கதவை மூடுவதும் திறப்பதும் அவர்கள் பொறுப்பு. உயிர்காக்கும் வேலைதான், ஆனால் பதவி உயர்வுக்கு வழியில்லாத வேலை. பிரிட்டனில் முதல் உலகப் போர் தொடங்கியபோது ரயில்வேக்களில் ஏறக்குறைய 13,000 பெண்கள் இருந்தார்கள். ஆண்கள் போர்முனைக்குச் சென்றதும் இத்தொகை 60,000-ஐயும் தாண்டியது. சுமை தூக்கினார்கள், டிக்கெட் சோதித்தார்கள், வண்டிகளைத் துடைத்தார்கள். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் அவர்களுள் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வேலை தெரியவில்லை என்பதற்காக அனுப்பப்படவில்லை. அந்த இடம் அவர்களுக்கு உரியது அன்று என்று கருதப்பட்டதே காரணம்.

கரியள்ளும் ஏணி

நீராவி எஞ்சினின் வேலைமுறையை அறிந்தால் உண்மை இன்னும் தெளிவாகும். எஞ்சினில் குறைந்தது இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர். அவர் நீராவியின் அளவைக் கட்டுப்படுத்தி, கைகாட்டிகளைக் கவனித்து, பிரேக்கை இயக்குவார். மற்றவர் ஃபயர்மன். அடுப்பின் வாய்க்குள் மண்வெட்டியால் கரியை அள்ளி வீசி, கொதிகலனில் நீராவி அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வார். உடல் வலிமையைப் பெரிதும் வேண்டியது இரண்டாவது வேலையே.

ஆனால் ஓட்டுநராக நேரே வந்துவிட முடியாது. முதலில் எஞ்சினைத் துடைக்கும் கிளீனர், பிறகு ஃபயர்மன், பல ஆண்டுகளுக்குப் பிறகே ஓட்டுநர். இந்த ஏணியின் கீழ்ப்படியில் பெண்ணைச் சேர்ப்பதில்லை. எனவே மேல்படிக்கும் அவள் வரமுடியாது. ஓட்டுவதற்குப் பெண் தகுதியற்றவள் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஏணியே அந்த முடிவைச் செய்துவிட்டது.

இதே ஏணி இந்திய ஆண்களையும் ஒரு காலத்தில் தடுத்து நிறுத்தியது என்பதை மறக்கக்கூடாது. தொடக்க காலத்தில் அஞ்சல் வண்டிகளை ஓட்டியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும்தாம். விரைவு வண்டியை நடத்தும் நிதானமும் பொறுப்பும் இந்தியருக்கு வராது என்று அன்றைய அதிகாரிகள் பலர் நம்பினார்கள். வாய்ப்புக் கிடைத்ததும் அந்த நம்பிக்கை பொய்த்துப்போனது. பின்னாளில் பெண்களைப் பற்றிச் சொல்லப்பட்ட வாதமும் ஏறக்குறைய இதே அச்சில் வார்த்ததுதான்.

கரி மறைந்தது, ஏணி மறையவில்லை

1925-இல் பம்பாயிலும், 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலும் மின்ரயில் ஓடத் தொடங்கியது. மின்ரயிலில் கரி இல்லை, கொதிகலன் இல்லை, ஆகவே ஃபயர்மனும் இல்லை. ஓட்டுநர் ஒரு கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பினால் மோட்டார்களுக்குச் செல்லும் மின்சாரம் கூடுகிறது. வண்டி வேகம் பெறுகிறது. இதற்கு வேண்டியது தோள்வலி அன்று. கூர்மையான பார்வை, நிறங்களைப் பிரித்தறியும் திறன், பாதையைப் பற்றிய அறிவு, அலையாத கவனம் ஆகியவையே.

பிரேக் போடுவதை எடுத்துக்கொள்வோம். வண்டியின் வேகம் இருமடங்கானால், அதே பிரேக் விசையில் அது நிற்க வேண்டிய தூரம் நான்கு மடங்காகும். முழு வேகத்தில் வரும் ஒரு விரைவு வண்டி நிற்பதற்கு ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தூரம் தேவைப்படலாம். ஆகையால் நிற்க வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியும் முன்னரே ஓட்டுநர் கணக்கிட்டுவிட வேண்டும். இந்தக் கணக்கில் ஆண், பெண் என்ற வேறுபாடு எதுவும் இல்லை.

சென்னையில் 1931-லேயே உடல்வலிமை என்ற காரணம் வலுவிழந்துவிட்டது. அதற்குப் பிறகும் 58 ஆண்டுகள் கழித்தே முதல் பெண் எஞ்சினுக்குள் வந்தார். தொழில்நுட்பம் மாறிய பின்னரும், ஆளெடுக்கும் முறை நீராவிக் காலத்துப் பழக்கத்தையே பெரிதும் பின்பற்றியது. ஓர் எந்திரத்தை மாற்றுவதைவிட அதைச் சுற்றி வளர்ந்த வழக்கத்தை மாற்றுவது கடினம் என்பதற்கு இது நல்ல சான்று.

கிண்டியிலிருந்து ஜமால்பூருக்கு

இந்த இடைவெளிக் காலத்தில் தமிழகத்துப் பெண் ஒருவர் ரயில்வேயின் வாயில்வரை சென்று வந்ததை இங்கே குறிப்பிட வேண்டும். 1919-இல் சென்னையில் பிறந்த அ. லலிதா, 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையுடன் கணவரை இழந்தார். அவருடைய தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். தந்தையின் முயற்சியாலும் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவின் ஆதரவாலும், ஆண்கள் மட்டுமே படித்துவந்த அக்கல்லூரியில் 1940-இல் லலிதா சேர்ந்தார். அவரைத் தொடர்ந்து பி. கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் பிரிவில் சேர்ந்தனர். பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்லே அச்சாகியிருந்ததால், அதை அடித்துத் திருத்திப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது!

லலிதா தம் செய்முறைப் பயிற்சியைப் பெற்ற இடம் பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலை. 1862-இல் நிறுவப்பட்ட அது, நாட்டின் மிகப் பழைய ரயில்வே தொழிற்சாலைகளில் ஒன்று. எஞ்சின் பழுதுபார்க்கும் அந்த இடத்தில் ஓராண்டு பயின்ற இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளரின் வாழ்க்கைப்பணி ரயில்வேயில் அமையவில்லை. சிம்லாவில் மத்திய அரசின் தர அமைப்பிலும், பின்னர் கல்கத்தாவில் ஒரு தனியார் மின்பொறியியல் நிறுவனத்திலும் பணியாற்றி, பக்ராநங்கல் அணையின் மின்கடத்திப் பாதைகளுக்கு வடிவமைப்புச் செய்தார். 1979-இல் மறைந்தார். ரயில்வே அவருக்குக் கற்றுக்கொடுத்தது. அவருடைய அறிவால் பயன் பெற்றது மின்துறை.

சட்டம் தடுத்ததா?

சட்டமே தடையாக இருந்தது என்று கருதுவோரும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொழிற்சாலைகளில் பெண்கள் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரை மட்டுமே வேலை செய்யலாம் என்றது. ரயில்வேயின் பெரிய பணிமனைகளை இது கட்டுப்படுத்தியது. ஆனால் எஞ்சின்கள் பயணத்துக்கு ஆயத்தமாகும் லோகோ ஷெட்டுகள், அச்சட்டத்தின் விளக்கப்படி 'தொழிற்சாலை' ஆகமாட்டா. ஓடும் வண்டியின் எஞ்சினும் தொழிற்சாலை அன்று. ஆகவே, பெண் ஓட்டுநர் இரவில் வண்டி ஓட்டக்கூடாது என்று இச்சட்டம் சொல்லவில்லை. பணிமனைகளைத் தொட்ட அந்த இரவுத்தடையையும் சென்னை உயர்நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இதற்கு நேர்மாறாக, 1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16-ஆவது விதி, அரசுப் பணியில் பாலினத்தை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் விலக்கக்கூடாது என்கிறது. ரயில்வே அரசு நிறுவனம். உரிமை ஏட்டில் 1950-லேயே இருந்தது. எழுத்தர், தொலைபேசி இயக்குநர், செவிலி, மருத்துவர், ஆசிரியை ஆகிய பணிகளில் பெண்கள் சேர்ந்தார்கள். பணியிலிருக்கும்போது இறந்த ஊழியரின் மனைவிக்கோ மகளுக்கோ கருணை அடிப்படையில் அளிக்கப்பட்ட வேலையால் பலர் வந்தார்கள். எஞ்சினின் படியில் கால் வைக்க மேலும் 39 ஆண்டுகள் ஆயின.

திறந்த வழி

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் 1965-இல் பிறந்த சுரேகா யாதவ், மின்பொறியியலில் பாலிடெக்னிக் டிப்ளமோ பெற்றவர். நீராவிக் காலத்து ஏணியின் அடிப்படியிலிருந்து அவர் ஏறிவரவில்லை. தொழிற்கல்வி பெற்றவர்கள் தேர்வு எழுதி உதவி ஓட்டுநராக நேரே சேரும் வழி இருந்தது, அவ்வழியாக வந்தார். 1996-இல் சரக்கு வண்டி ஓட்டுநரானார். 2000-இல் பம்பாயின் மகளிர் சிறப்பு வண்டியை ஓட்டினார். 2010-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுப் பாதைக்குப் பயிற்சி பெற்றார். அங்கே போர்காட் பகுதியில் 37 மீட்டர் செல்வதற்குள் பாதை ஒரு மீட்டர் ஏறிவிடும். ரயிலுக்கு இது மிகக் கடுமையான ஏற்றம். இறங்கும்போது பிரேக்கைக் கையாள்வதில்தான் ஓட்டுநரின் திறமை முழுவதும் வெளிப்படும். 2011 மார்ச் 8-இல் அந்தச் சரிவின் வழியே புகழ்பெற்ற டெக்கான் குயின் வண்டியை அவர் ஓட்டிச் சென்றார். 2023-இல் வந்தே பாரத் வண்டியையும் ஓட்டினார். 36 ஆண்டுப் பணிக்குப் பின் 2025-இல் ஓய்வு பெற்றார்.

அதன்பின் பிற வாயில்களும் திறந்தன. 2015 ஜூன் 29-இல் சென்னை மெட்ரோ ரயில் ஆலந்தூர்–கோயம்பேடு இடையே தொடங்கியபோது, முதல் வண்டியை ஓட்டியவர் ஒரு பெண். 2017-இல் மும்பையின் மாட்டுங்கா நிலையம் முழுவதும் பெண் ஊழியர்களால் இயங்கத் தொடங்கியது. 2023 செப்டம்பர் 1-இல் ஜெயா வர்மா சின்ஹா ரயில்வே வாரியத்தின் முதல் பெண் தலைவரானார்.

இன்னும் எஞ்சியிருப்பது

இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆயினும் இந்திய ரயில்வே ஊழியருள் பெண்கள் இன்றும் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எஞ்சினில் பணியாற்றுவோருள் அவர்களின் பங்கு மேலும் சிறியது. இதற்குக் காரணங்கள் எளியவை. ஆனால் கண்ணில் படாதவை. எஞ்சின்களில் கழிப்பறை வைக்கும் முயற்சியே 2016-இல்தான் தொடங்கியது. பல மணி நேரம் ஓடும் வண்டியில் இது சிறு குறையன்று. ஓட்டுநர்கள் வெளியூரில் தங்கும் ஓய்வறைகள் ஆண்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நள்ளிரவில் பணிக்கு அழைப்பு வந்தால் வீட்டிலிருந்து நிலையம்வரை பாதுகாப்பாகச் செல்ல வழி வேண்டும். ஓட்டத் தெரிந்த பெண்கள் சிலர் எஞ்சினை விட்டு அலுவலக வேலையைக் கேட்பதற்கு இவையே காரணம், திறமைக்குறைவு அன்று.

வண்டியை வடிவமைப்போர் நினைத்தால் இவற்றை மாற்ற முடியும். அமெரிக்காவின் பால்டிமோர்-ஒஹையோ ரயில்வேயில் 1920-இல் சேர்ந்த ஆலிவ் டென்னிஸ் என்ற பெண் பொறியாளர், பயணியாக நெடுந்தூரம் சென்று குறைகளைக் கண்டறிந்து, சாய்ந்துகொள்ளும் இருக்கை, இரவில் மங்கச் செய்யும் விளக்கு, சன்னலடியில் காற்று வரும் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்தார். அவர் செய்த வசதிகளை ஆண்களும்தான் அனுபவித்தார்கள். எஞ்சினில் வரும் கழிப்பறையும் அப்படித்தான்.

புதுச்சேரியில் பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. பயிற்சி முடித்த மாணவியும், பாலிடெக்னிக்கில் டிப்ளமோ பெறும் மாணவியும் இன்று உதவி ஓட்டுநர் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, கண்பார்வைக்கான கடுமையான மருத்துவச் சோதனை ஆகிய மூன்றையும் ஆண்களைப் போலவே அவர்களும் கடக்க வேண்டும். "இது பெண்களுக்கான வேலை அன்று" என்று யாரேனும் சொன்னால், விண்ணப்பத்தில் உள்ள தகுதி விதிகளை அவர்கள் படித்துப் பார்க்கட்டும். அங்கே அப்படி ஒரு விதி இல்லை.