இலையின் அடிப்பக்கம்

இலங்கைன்னாலே நமக்குத் தேயிலைதான் ஞாபகம் வரும். ஆனால் 1860-களில் அது காபித் தீவு. அதை மாற்றியது எந்தத் துரையும் இல்லை, ஒரு பூஞ்சை.

காஃபியா அராபிகா எத்தியோப்பிய மலைக்காட்டுப் பூச்செடி. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, வாசமும் கிட்டத்தட்ட அதேதான். தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். அதனால் பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் அச்சு. எங்கள் தொழிலில் சொன்னால், ஆயிரம் சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸுக்குப் பூவும் இல்லை, பச்சையமும் இல்லை. உயிருள்ள காபி இலைதான் அதற்குச் சோறு. காற்றில் வரும் வித்து, இலையின் அடிப்பக்கத் துளை வழியாக உள்ளே போய், சில வாரத்தில் ஆரஞ்சுத் தூளாக வெளியே வரும். செடி காய்க்க மூன்று நான்கு வருஷம். அதற்குள் பூஞ்சை எத்தனையோ தலைமுறை பார்த்துவிடும். உடனே கொல்லாது, இலையை உதிர்த்துப் பட்டினி போடும்.

1869-ல் இலங்கைத் தோட்டங்களில் அது தென்பட்டது. அதே ஆண்டு பெர்க்லியும் புரூமும் பெயர் வைத்தார்கள். வித்தின் முதுகு சொரசொரப்பு, வயிறு வழவழப்பு. அதனால் 'பாதி வழவழப்பு' என்ற பொருளில் ஹெமிலியா. வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசகாரி. 1880-ல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து அதன் வாழ்க்கையை விளக்கினார். மலை மலையாக ஒரே செடியை நட்டதுதான் அதற்கு விருந்து என்றார். மருந்து கிடைக்கவில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே நட்டுப் பார்த்திருந்த தேயிலை, காபியின் இடத்தைப் பிடித்தது.

இதோடு நிறுத்தினால் இது பயிர்களின் கதை. ஆனால் பயிர் மாறினால் வேலையும் மாறும். காபிக்கு அறுவடைக் காலம் உண்டு. மதுரை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து ஜனங்கள் கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து போவார்கள். வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்களில் பலர் பழம் பறித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். தேயிலை அப்படியில்லை. கொழுந்து வருஷம் முழுக்க வரும், ஆளும் வருஷம் முழுக்க வேணும். போய்வந்தவர்கள் குடும்பத்தோடு லயன் காம்பராக்களில் தங்கிவிட்டார்கள்.

1948-ன் குடியுரிமைச் சட்டம் அவர்கள் வாரிசுகளில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இந்த மண்ணில் வேர்விடாதவர்கள் என்பது அன்றைய வாதங்களில் ஒன்று. போய்வந்த காலம் இருந்தது, உண்மைதான். அந்தக் காலத்தை முடித்து வைத்ததில் காபி இலையின் அடியில் பூத்த அந்த ஆரஞ்சுத் தூளுக்கும் பங்குண்டு. சட்டம் எழுதினவங்க யாரும் அந்த இலையைத் திருப்பிப் பார்க்கலை.