ரின்மீன் பேணியில ஒரு மொறிஸ் மைனர்

போன செமஸ்ரர் முடியிற நேரம், கன்ரீனில் இருந்து தேத்தண்ணி குடிக்கேக்க நண்பன் ஒருத்தன் போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒருவர் மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு சின்னக் கார் செய்கிறார். பிளாஸ்ரிக் பாகங்களை வெட்டி எடுக்கிறார், சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்க்கிறார், அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மினுக்கப்பூச்சு எண்டு ஒவ்வொன்றாகக் காயவிட்டு அடிக்கிறார். கடைசியில் உள்ளங்கை அளவில் ஒரு கார், நிசக் கார் மாதிரியே நிற்கிறது.

"இதுக்கெல்லாம் வெளிநாட்டுக்காரருக்குத்தான் நேரமும் காசும் இருக்கு. எங்கட பக்கம் இப்பிடி ஒரு வரலாறே இல்லை" என்றான். நானும் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு லெக்சருக்குப் போய்விட்டேன்.

லீவுக்கு விசுவமடுவுக்கு வந்தபோது அந்த வீடியோவை மாமாவுக்குக் காட்டினேன். மாமா வாகனம் திருத்துற ஆள். முழுக்கப் பார்த்துப்போட்டு, "நாங்கள் செய்யாத காரோ பிள்ளை?" எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் எழுதினதுதான் இந்தக் கட்டுரை.

சின்னக் கார்களின் பெரிய கதை

முதலில் நண்பன் சொன்ன "வெளிநாட்டு" வரலாற்றைப் பார்ப்பம். மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டுபிடித்த பிராங் ஹோர்ன்பியின் கம்பனி இங்கிலாந்தில் பொம்மை ரயில்களும் செய்தது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்த ஆக்களும் வாகனங்களும் வேணும்தானே. அதற்காகச் செய்யத் தொடங்கிய வாகனங்கள் 1934 இல் டிங்கி ரோய்ஸ் என்ற பெயரைப் பெற்றன. இன்றைக்குச் சேகரிப்பவர்கள் சொல்லும் 1:43 என்ற அளவு அந்த ரயிலோடு வந்த அளவுதான். நிசக் காரின் நீளத்தை 43 ஆல் பிரித்தால் மாதிரிக் காரின் நீளம் வரும்.

1947 இல் லண்டனில் லெஸ்னி என்ற கம்பனி தொடங்கியது. அதில் இருந்த ஜக் ஓடெல் என்பவரின் மகள் படித்த பள்ளிக்கூடத்தில், நெருப்புப்பெட்டிக்குள் அடங்குகிற விளையாட்டுச் சாமானை மட்டும்தான் கொண்டுவரலாம் எண்டு ஒரு சட்டம். தகப்பன் மகளுக்காக நெருப்புப்பெட்டிக்குள் போகக்கூடிய ஒரு றோட் றோலரைச் செய்து குடுத்தார். 1953 இல் வந்த மட்ச்பொக்ஸ் கார்களின் தொடக்கம் அதுதான். 1958 இல் அதே வரிசையில் 46 ஆம் இலக்கமாக ஒரு மொறிஸ் மைனரும் வந்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கோ.

அதே 1958 இல் அமெரிக்காவில் ஏ.எம்.ரி என்ற கம்பனி ஒரு புதுமை செய்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று வழி: காரை ஃபக்ரரியில் வந்த மாதிரியே செய்யலாம், ரேஸ் காராகச் செய்யலாம், இல்லாட்டி உங்கட விருப்பத்துக்கு மாற்றிச் செய்யலாம். மாதிரிக் கார் செய்யிறது எண்டால் இருப்பதை அப்படியே பிரதி எடுப்பது மட்டுமில்லை, மாற்றுவதும்தான் எண்ட எண்ணம் இதுக்குப் பிறகுதான் கடைக்குக் கடை போனது.

இவை எல்லாத்துக்கும் பின்னால் கடை, கிற், தூரிகை, பெயின்ற் எண்டு ஒரு பெரிய ஏற்பாடு இருந்தது. வன்னியில் அந்த ஏற்பாடு இருக்கவில்லை. ஆனால் கார் இருந்தது.

மண்ணெண்ணெயில் ஓடின கார்

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. அதோடு வடக்கு மீதான பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றி, சீமெந்து, உரம் எண்டு தடைப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளம். கரண்ட் இல்லை. எங்கட அம்மா ஆக்கள் ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஓடின கார்கள் பெரும்பாலும் பழைய இங்கிலாந்துக் கார்கள்: மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ். அவை பழசு எண்டதாலேயே ஓடின. பெற்றோல் இலகுவில் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேணும். அதனால் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்த வேணும். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதைத் தாங்கின. புது மொடல் எஞ்சின் எண்டால் இடிச்சு இடிச்சே பழுதாகிப் போயிருக்கும். பழைய எஞ்சினும் சும்மா விடவில்லை. புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். மெக்கானிக்மாருக்கு ஓய்வே இல்லை.

என்ர அம்மப்பா கிளிநொச்சியில் ஒரு மொறிஸ் மைனரை ஹயருக்கு ஓடினவர். பிள்ளைப்பேறு, கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் அந்தக் கார்தான் போகும் எண்டு அம்மா சொல்லுவா. மொறிஸ் மைனர் 1948 இல் வந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் அதுதான். 1960 இன் கடைசியில் அந்த எண்ணிக்கையை எட்டினபோது, கொண்டாட்டமாக இளம் ஊதா நிறத்தில் ஒரு தொகுதி கார்களைச் செய்து விட்டார்கள்.

இன்னொரு விசயமும் இருக்கு. 1990களின் தொடக்கத்தில் தென்னிலங்கையில், இங்கிலாந்தின் பாத் நகரத்துக் கம்பனி ஒன்றோடு சேர்ந்து மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள். ஒரே தீவு, ஒரே கார். அங்கே அது ஏற்றுமதிப் பொருள். இங்கே பழைய பாகத்தை அராவி, ஒட்டி, இன்னொரு நாள் ஓட வைக்கிற வேலை. ஏ.எம்.ரி பெட்டியில் இருந்த "விருப்பத்துக்கு மாற்று" எண்ட வழி வன்னியில் நிசக் காரிலேயே நடந்தது. விருப்பத்தால் இல்லை, வேற வழியில்லாமல்.

பேணியும் பாட்டாச் செருப்பும்

பொடியள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மாமா அப்ப ஒன்பது, பத்து வயது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"பேணி கிடைக்கிறதே பெரிய விசயம் பிள்ளை. ரின்மீன் பேணி, பால்மாப் பேணி எதுவெண்டாலும் வீட்டில விளக்குக்கு, அளக்கிறதுக்கு எண்டு எடுத்து வச்சிடுவினம். ஓட்டை விழுந்தாத்தான் எங்களுக்கு. கத்தியால வெட்டி, கல்லில வச்சுத் தட்டி நேராக்கினா ஒரு தகடு வரும். அதுதான் பொடி. பிய்ஞ்ச பாட்டாச் செருப்பை வட்டமா வெட்டினாச் சில்லு. சைக்கிள் கம்பி அச்சு. சில்லு கழராமல் இருக்க வால்வ் ரியூப்பில சின்னத் துண்டு ரெண்டு பக்கமும் கொளுவுவம்."

பேணி இல்லாதவனுக்கு நுங்குக் கோம்பை இருந்தது. ரெண்டு கோம்பை, நடுவில் ஒரு தடி, தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவைத்தடி. ஆனால் அதைக் கார் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினமாம். "அது சின்னப்பிள்ளையளுக்கு" எண்டார் மாமா. பேணியில் செய்கிறவனுக்கு அப்பவே ஒரு மரியாதை இருந்திருக்கு.

அதிகம் செய்யப்பட்டது கார் இல்லையாம், உழவு இயந்திரம். எங்கட பக்கத்தில் வயல், குளம், இடம்பெயர்வு எல்லாமே உழவு இயந்திரத்தோடதான். பின்னுக்குப் பெரிய சில்லு, முன்னுக்குச் சின்னச் சில்லு, இழுக்கப் பெட்டி. பெட்டிக்குள் குச்சியை அடுக்கி, சின்னத் தகரத்துண்டை மேலே வைத்துக் கட்டுவார்களாம். முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது: இடம்பெயரும்போது வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழட்டி ஏற்றிக்கொண்டு போன பெட்டி அது. பிள்ளையள் தாங்கள் பார்த்ததைச் செய்திருக்கினம்.

நிறத்துக்கு என்ன செய்தனீங்கள் எண்டு கேட்டேன். சைக்கிளுக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ற் கிடைத்தால் அதிஷ்டம். இல்லாட்டி செங்கட்டியை அரைச்ச சிவப்பு, உடுப்புக்குப் போடுற நீலம், செத்த பற்றியை உடைச்சு எடுத்த கரி. பற்றிக்குத் தடை இருந்த காலத்தில் செத்த பற்றியும் வெயிலில் காய்ந்து, இன்னொரு முறை றேடியோவுக்குள் போய் வந்த பிறகுதான் பொடியளின் கைக்கு வரும். கடைசியாக ஒரு பூச்சு: மண். பிளேன் மேலே இருந்து பார்த்தால் மினுங்கக்கூடாது எண்டு நிசக் காருக்குச் சேறு பூசினதாம். அதனால் பேணிக் காருக்கும் சேறு.

மாதிரிக் கார் செய்கிறவர்கள் இப்ப வெதரிங் எண்டு ஒரு வேலை செய்கிறார்கள். புதுசாக அடித்த பெயின்ற்றுக்கு மேல் தூசு, சேறு, துரு எல்லாம் இருக்கிற மாதிரி இன்னொரு பெயின்ற்றால் காட்டுவது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை எண்டு சொல்லுவினம். எங்கட பொடியள் அதைத்தான் முதலில் படித்திருக்கினம்.

ஒட்சுவில் ஒரு ஜீப்

இதெல்லாம் வெறும் சின்னப்பிள்ளை விளையாட்டு, வரலாறு இல்லை எண்டு யாரும் சொன்னால், ரெண்டு இடங்களைக் காட்டலாம்.

ஒன்று ஜப்பான். 1945 இல் போரில் தோற்ற பிறகு அங்கே தகடு இல்லை. ஒட்சு என்ற ஊரில் மட்சுஸோ கொசுகே என்ற பொம்மை செய்பவர், அமெரிக்கப் படையினர் சாப்பிட்டு எறிந்த வெற்றுப் பேணிகளை எடுத்து, றோட்டில் ஓடின அமெரிக்க ஜீப்பைப் பார்த்து, ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு தகர ஜீப் செய்தார். அந்த வருசம் டிசெம்பரில் அது கியோட்டோவில் விற்பனைக்கு வந்து சனம் அள்ளிக்கொண்டு போனது. போருக்குப் பிந்திய ஜப்பானியப் பொம்மைத் தொழிலின் கதையை அந்த ஜீப்பில் இருந்துதான் தொடங்குவார்கள்.

மற்றது ஆபிரிக்கா. மலாவியில் பிள்ளைகள் கம்பியை வளைத்துச் செய்கிற காருக்குக் கலிமோட்டோ எண்டு பெயர். இன்றைக்கு உலகம் முழுக்க அந்தக் கம்பிக் கார்களைக் கண்காட்சிகளில் வைக்கிறார்கள்.

ரெண்டிலும் பொருள் ஒன்றுதான்: எறிந்த தகரம், எறிந்த கம்பி. ஆனால் அவற்றுக்குப் பெயர் இருக்கு, வருசம் இருக்கு, பார்க்கக்கூடிய பொருள் இருக்கு. எங்கட பேணிக் காருக்கு ஏன் இல்லை? பொடியளுக்குக் கைவேலை குறைவு எண்டதால் இல்லை. இடம்பெயரும்போது எதை எடுக்கிறது, எதை விடுகிறது எண்டதில் பேணிக் கார் எப்பவுமே விடுகிற பக்கம். 2002 இல் ஏ9 பாதை திறந்து கொழும்புப் பிளாஸ்ரிக் சாமான் வந்ததோட கனபேர் செய்யிறதையும் விட்டுவிட்டினம். 2009 இல் நிசக் காரே மிஞ்சவில்லை. அம்மப்பாவின் மொறிஸ் மைனர் புதுக்குடியிருப்புக்கு அங்கால எங்கேயோ நின்றது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அதைக் காணவில்லை. எரிந்த வாகனங்கள் குவிந்து கிடந்து, பழைய இரும்பாகப் போன காலம் அது. வீட்டில் அந்தக் காரின் படம் ஒன்றுகூட இல்லை.

1:24

அதனால் நானும் மாமாவும் சேர்ந்து ஒன்று செய்தம். கணக்கு என்ர பொறுப்பு. மொறிஸ் மைனரின் நீளம் 3.76 மீற்றர். 24 ஆல் பிரித்தால் 15.7 சென்ரிமீற்றர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2.18 மீற்றர், அது 9.1 சென்ரிமீற்றர். ஒரு பெரிய ரின்மீன் பேணியை வெட்டி விரித்தால் ஏறத்தாழ 23 க்கு 11 சென்ரிமீற்றர் தகடு வரும். கூரைக்கும் பொனற்றுக்கும் காணும். மட்கார்ட்டின் வளைவுதான் ஆளைக் கொன்றது. மூன்று முறை பிழைத்துப்போய், கடைசியில் மாமா அகப்பைக் காம்பில் வைத்துத் தட்டி எடுத்தார்.

சண்டை வந்தது பெயின்ற்றில். நான் இளம் ஊதா அடிப்பம் எண்டன். நெற்றில் பார்த்த அந்தப் பத்து லட்சமாவது கார் அவ்வளவு வடிவு. மாமா மாட்டன் எண்டார். "அப்பான்ர கார் சாம்பல். இடப்பக்கக் கதவு வேற காரில இருந்து எடுத்துப் போட்டது, அது மட்டும் பச்சை. நீ ஊதா அடிச்சா அது ஆற்றையோ கார்." கதவைப் பச்சையாகவே அடித்தம். பிறகு அவர் முற்றத்தில் இருந்து கொஞ்ச மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தார். எனக்கு மனமில்லை, ரெண்டு நாள் மினக்கெட்டு அடிச்ச பெயின்ற். ஆனால் கையை எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு மாமா பேனைக் குழாயில் அரை இஞ்சி அளவு வெட்டி, அடியை உருக்கி மூடி, பொனற்றுக்குள் வைத்தார். ஸ்ராட் பண்ணுற பெற்றோல் போத்தல். எந்தக் கிற்றிலும் அப்படி ஒரு பாகம் வராது. அதைப் பார்த்துத்தான் அம்மா அழுதவ.

இதைப் படிக்கிற உங்கட வீட்டிலும் முப்பத்தைந்து, நாற்பது, ஐம்பது வயதில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ அத்தையோ இருப்பினம். ஐந்து கேள்வி கேளுங்கோ. எந்த வாகனத்தைப் பார்த்துச் செய்தனீங்கள்? சில்லு எதில? அச்சு எதில? நிறம் எதில? கடைசியாச் செய்ததை எந்த ஊரில விட்டனீங்கள்? பதிலை ஊரோடும் வருசத்தோடும் எழுதி வையுங்கோ. ஏலுமெண்டால் ஒன்றைத் திருப்பிச் செய்விச்சு, அளந்து, படம் எடுங்கோ. அவையின்ர கைக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு பேணியைக் குடுத்துப் பாருங்கோ, தெரியும்.

கம்பஸ் தொடங்கினதும் அந்தக் காரைக் கன்ரீனுக்குக் கொண்டு போகப் போறன். நண்பனுக்குப் பொனற்றைத் திறந்து காட்டவேணும்.