வராத பிள்ளைகளின் கணக்கு

இளையோர் முகாம், மாலை வகுப்பு, கோடை மறைக்கல்வி எனப் பள்ளிக்கு வெளியே நம் பங்குகளில் நடப்பவை பல. ஆண்டறிக்கையில் இவை யாவும் ‘சிறப்பாக நடைபெற்றன’ என்றே பதிவாகும். எதைக் கொண்டு அளந்து அவ்வாறு எழுதுகிறோம் என்ற கேள்வியோ திருச்சபைக்குப் புதியதன்று.

பெல்ஜிய நாட்டின் யோசேப்பு கார்டைன் குருமடத்தில் பயின்றபோது, அவருடைய பள்ளித் தோழர்கள் ஆலைக்கு வேலைக்குப் போயினர். விடுமுறையில் ஊர் திரும்பியவர், அவர்கள் தம்மைவிட்டும் திருச்சபையைவிட்டும் விலகிப் போனதைக் கண்டார். 1925இல் அவர் நிறுவிய இளம் கிறித்தவத் தொழிலாளர் இயக்கம் அந்த வேதனையில் பிறந்ததே. பார்த்தல், தீர்ப்பிடுதல், செயலாற்றுதல் என்னும் அதன் வழிமுறையைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1961ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் ஏற்றுரைத்தார். நாம் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறோம். முதலாவதற்குப் பொறுமை வேண்டுமே! கார்டைனின் இளைஞர்களோ தம் கூட்டத்துக்கு வந்த தலைகளை எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. உடன் உழைப்போரின் கூலியையும் வேலை நேரத்தையும் தாமே விசாரித்து எழுதினர்.

உத்தரப்பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்து, 2010இல் வெளியான ஓர் ஆய்வு நம் கவனத்துக்குரியது. பிரதம் அமைப்பு பயிற்றுவித்த ஊர்த் தொண்டர்கள் வாசிப்பு முகாம்கள் நடத்தினர். வந்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் வெகுவாக உயர்ந்தது. ஆனால் வந்தவர்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரே. இம்முகாமை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? வந்தவர்களை மட்டும் சோதித்திருந்தால் இக்கேள்வியே எழுந்திராது.

தமிழகத்தில் பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளை ஆய்வாளர்கள் வீடுதேடிச் சென்று சோதித்தனர். பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்பது அவர்களின் கணிப்பு. மேடைப் பேச்சுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றலாம். எனக்கு இது நேர்மையான எண்ணாகப் படுகிறது. பள்ளியின் பங்கைப் பள்ளிக்கே விட்டுவைக்கிறது. அதிகம் இழந்த ஏழைப் பிள்ளைகளே விரைவாக மீண்டனர் என்பதும் ஆறுதலான செய்தி.

சங்கரன்கோவில் விசைத்தறியும் தீப்பெட்டித் தொழிலும் சோறுபோடும் வட்டாரம். மாலை ஐந்து மணிக்கு வகுப்பு வைத்தால், பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் சிறுமி வரமாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் முதலிலிருந்தே இல்லையாதலால், அவள் வராததும் எங்கும் பதிவாவதில்லை. பங்கின் குடும்பப் பதிவேட்டிலிருந்து எட்டு வயது முதல் பதினெட்டு வரையுள்ள எல்லாப் பெயர்களையும் அன்பியப் பொறுப்பாளர்கள் ஒரே ஞாயிறில் எழுதி எடுத்துவிடலாம். பிற சமயத்து அண்டை வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதலாம். அதன்பின் வந்தவர்களுக்குக் குறியிட்டு, குறி விழாத வீடுகளுக்கு அடுத்த வாரம் யார் போவது என்பதைப் பங்குப்பேரவை முடிவு செய்யட்டும்.