பைலட் தூக்கமும் நம்ம உயிரும்

1/ மங்களூர் விமான விபத்து ஞாபகம் இருக்கா? 2010 மே 22. துபாயில் இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தது 8 பேர்.

2/ கறுப்புப் பெட்டியின் ஒலிப்பதிவில் முதல் 1 மணி 40 நிமிஷம் கேப்டன் பேச்சே இல்லை. நடுநடுவே குறட்டைச் சத்தம். ஆழ்ந்து தூங்கி எழுந்ததும் மூளை உடனே தெளியாது. "மறுபடி மேலே போகலாம்"னு துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்கப் பார்த்தார்.

3/ 17 மணி நேரம் விழித்திருந்தா, ரத்தத்தில் 0.05% ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குத் தடுமாறுவோம்னு 1997ல் ஒரு ஆய்வு காட்டியது. இங்கே வண்டி ஓட்டவே வரம்பு 0.03%தான்.

4/ 2024 ஜனவரியில் டிஜிசிஏ விதியை மாத்துச்சு. வார ஓய்வு 36 மணியில் இருந்து 48. இரவு லேண்டிங் 6ல் இருந்து 2. முழுசா அமலாக 2025 நவம்பர் ஆச்சு. டிசம்பரில் பைலட் பத்தாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. உடனே விதியைத் தற்காலிகமா தளர்த்தினாங்க.

5/ களைப்பா இருந்தா பறக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆனா பயிற்சிக் கடன் கட்டுற, நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் வாய் திறப்பானா?

6/ எங்களுக்கும் 1992லேயே மத்திய அரசு உத்தரவு உண்டு: ரெசிடென்ட் டாக்டருக்கு ஒரே மூச்சில் 12 மணி, வாரம் 48 மணி. நடைமுறையை எந்த பிஜி டாக்டரிடமும் கேளுங்க.

7/ சங்கரன்கோவில்ல இருந்து மதுரை போய் ஃப்ளைட் ஏறுறீங்க. "பைலட் டியூட்டி நேரம் முடிஞ்சது, தாமதமாகும்"னு சொன்னா சண்டை போடாதீங்க. அந்த ஓய்வு உங்களுக்காகத்தான்.